அப்படி யாரும் இங்கே இல்லை

1995 மார்ச் மாதம். முதலமடைப் பக்கம் மாம்பழம் இறங்கத் தொடங்கியிருந்தது. அப்பா கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறி, பாலக்காட்டில் நான் படித்துக்கொண்டிருந்த கல்லூரியின் விடுதிக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் வறுத்த நிலக்கடலை, பத்துப் பன்னிரண்டு மாம்பழம். வாசலில் நின்றிருந்த மாணவர்களிடம் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, "இவிடெ அங்ஙனெ ஆரும் இல்லல்லோ" என்றார்களாம். அப்பா மறுபடியும் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, ஒல்லியாக உயரமாக இருப்பான் என்று அடையாளமும் சொல்லியிருக்கிறார். அப்படி யாரும் இங்கே இல்லை என்பதுதான் பதில்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. ஏறக்குறைய இரண்டு வருடமாக அந்த விடுதியில் நான் அருண். வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் என் சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. அருண் என்ற பெயரை எனக்குச் சூட்டியவனும் நானே.

எதிரிலிருந்த டீக்கடையில் அப்பா இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஆய்வக வகுப்பு முடிந்து நான் வந்ததும் எழுந்து நின்று, "ஏன் சாமி, உன்னை இங்கே யாருக்கும் தெரியாதாமே?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தான் இடம் மாறி வந்துவிட்டோமோ என்று அவர் தன்னைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். "புதுப் பையன்கள் அப்பா, இந்த வருடம் சேர்ந்தவர்கள்" என்றேன். பையை வாங்கிக்கொண்டு, நண்பர்கள் வருவதற்குள் அவரை பஸ் ஏற்றிவிட்டேன்.

எங்கள் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழிஞ்சாம்பாறை கேரளத்தில் இருக்கிறது. சந்தையில் காதில் விழுவது கொங்குத் தமிழ். எங்கள் சித்தூர் தாலுகா 1949 வரை கொச்சி சமஸ்தானத்தின் தனித்துண்டாக, ஒரு பக்கம் மலபாரும் மறுபக்கம் கோயம்புத்தூர் ஜில்லாவும் சூழக் கிடந்தது. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தபோது அதில் சேர்ந்தது. வடகரப்பதி, எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை என்று இந்த எல்லையோரப் பஞ்சாயத்துகளில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. தமிழ் வழியில் படிக்கவும் பள்ளிகள் உண்டு. அப்படி ஒன்றில் பத்தாம் வகுப்பு வரை படித்தவன் நான். எட்டாம் வகுப்பில் கம்பராமாயணச் செய்யுள் ஒப்பித்து முதல் பரிசு வாங்கினேன். பரிசு, ஓர் எவர்சில்வர் டம்ளர்.

ஊருக்குள் இருந்தவரை இதெல்லாம் ஓர் அடையாளம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தக் காலத்தில் கேரளத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவன் பெரும்பாலும், பிளஸ் டூவுக்கு இணையான ப்ரீடிகிரி என்ற இரண்டு வருடப் படிப்புக்கு நேராகக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். 1993இல், மீசை சரியாக முளைக்காத வயதில், விடுதி அறைக்குள் டிரங்குப் பெட்டியோடு நுழைந்தேன்.

மலையாளத்தில் 'ப' வரிசையில் நான்கு எழுத்துகள். நமக்கு ஒன்றே போதும். பரீட்சை முடிவைப் பற்றி ஏதோ கேட்க நினைத்து 'பரீக்ஷா பலம்' என்றேன். முடிவைக் குறிக்கும் பலத்துக்கு ஒரு எழுத்து, வலிமையைக் குறிக்கும் பலத்துக்கு வேறொன்று. என் வாயிலிருந்து வந்தது இரண்டிலும் சேராத ஒன்று. அறையே சிரித்தது. அதற்குப் பிறகு தினமும் மாலையில் என்னை நிறுத்திவைத்து 'பலம்' சொல்ல வைப்பது எங்கள் பொழுதுபோக்கு. 'எங்கள்' என்றுதான் எழுத வேண்டும், நானும் சிரித்தேனே.

என் பெயர் 'சாமி' என்று முடியும். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். பெயர் எதுவானாலும் பிள்ளையைப் பாசமாகக் கூப்பிடுவதும் 'சாமி'தான். விடுதிச் சாப்பாட்டு அறைக்குள் நான் நுழைந்தால் ஒருவன் "சாமியே" என்பான், மற்றவர்கள் "சரணமய்யப்பா" என்று முழங்குவார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாவது வாரம், புதிதாகச் சேர்ந்த ஒருவனிடம், அவன் கேட்காமலேயே, "வீட்டில் என்னை அருண் என்று கூப்பிடுவார்கள்" என்றேன். இப்படித்தான் அருண் பிறந்தான்.

பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். நடந்தது அதுவல்ல. பெயரை மாற்று என்று யாரும் சொல்லவில்லை. 'பாண்டி', 'அண்ணாச்சி' என்று தமிழனைச் சீண்டும் சொற்கள் அங்கே உண்டு. முதல் மாதம் அவை சுருக்கென்று தைத்தன. மூன்றாம் மாதம் அந்தக் கேலியை எல்லாரையும்விடத் திறமையாகச் செய்தவன் நான். வாளையார் சோதனைச் சாவடியில் லாரி ஓட்டுநர் அதிகாரியிடம் கெஞ்சுவதை நடித்துக் காட்டுவேன். அறை விழுந்து விழுந்து சிரிக்கும். என் சின்ன மாமா கோவைக்கும் கொச்சிக்கும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் எடுத்து நடித்தது அவருடைய குரலை.

இன்னொன்றையும் எழுதாவிட்டால் கணக்கு தப்பாகிவிடும். விடுதியில் எனக்கு நெருக்கமான அந்த ஆறு நண்பர்களும் நல்லவர்கள். இரண்டாம் வருடம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஒருவன் தன் வீட்டுக்கே அழைத்துப் போய், அவன் அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, ஒன்பது நாள் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். மலையாளம் எழுதப் படிக்கவும், நாளிதழை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிவரை வாசிக்கவும் அவர்களால்தான் பழகினேன். கூடாத சகவாசத்தைப் பற்றி நம் வீடுகளில் எச்சரிக்காத பெரியவர் கிடையாது. ஆனால் அடாவடிக்காரனிடம் நாம் இயல்பாகவே உஷாராக இருப்போம். கஞ்சி ஊற்றியவனிடம் எப்படி உஷாராக இருப்பது? என் விஷயத்தில் அதிகம் பறிபோனது நல்லவர்களிடம்தான்.

பெயர்கூடப் பெரிதில்லை. ப்ரீடிகிரி முடிந்ததும் சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர வேண்டும் என்பது என் பள்ளிக்கால ஆசை. ஒருநாள் கேன்டீனில் ஒருவன், "நாம் ஏழு பேரும் கெமிஸ்ட்ரி எடுப்போம், பிரியாமல் இருக்கலாம்" என்றான். நடுவில் ஒரு தட்டு பழம்பொரி. அது காலியாவதற்குள் ஏழு பேரின் மூன்று வருடமும் முடிவாகிவிட்டது. இதில் எனக்கு இன்றும் விளங்காத ஒன்று: வேதியியல் நானே விரும்பி எடுத்த பாடம் என்று பதினைந்து வருடம் உண்மையாகவே நம்பியிருந்தேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். பழைய நோட்டு ஒன்றில் சித்தூர் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்க வேண்டிய தேதியை என் கையெழுத்திலேயே பார்த்தபோதுதான், கேன்டீன் மேசை ஞாபகத்துக்கு வந்தது. கூட்டத்தில் எடுத்த முடிவு நாளடைவில் நம் சொந்த முடிவு போலவே உடை மாற்றிக்கொள்கிறது.

அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து எதைக் கேட்டாலும், அது சீட்டுச் சேர்வதானாலும் சரி, கூட்டாக மனை வாங்குவதானாலும் சரி, "நாளைக்குச் சொல்கிறேன்" என்பேன். பாதிக்குப் பாதி மறுநாளும் சரி என்றுதான் சொல்கிறேன். மறுநாள் வேண்டாம் என்று சொன்னவற்றை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். அந்த இடத்திலேயே கேட்டிருந்தால் அத்தனைக்கும் தலையாட்டியிருப்பேன். 'இவனிடம் எதற்கும் ஒரு ராத்திரி வேண்டும்' என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

1997இல் நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம். கஞ்சி ஊற்றிய வீட்டு நண்பன் பூரத்துக்குத் தன் ஊருக்கு அழைத்தான். ஒற்றப்பாலத்துக்குப் பக்கம். பகவதி கோயிலுக்கு எதிரே நீளமான கூத்துமாடம், வெள்ளைத் திரைக்குப் பின்னால் இருபத்தொரு விளக்கு, தோல்பாவைக்கூத்து. நள்ளிரவுக்கு மேல் திரைக்கு முன்னால் நாங்கள் இருவரும், தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவரும். மனிதர் யாரும் பார்க்காவிட்டாலும் அங்கே கூத்து நிற்காது, பகவதி கேட்பதற்காக நடப்பது அது.

திரைக்குப் பின்னால் புலவர் பாடத் தொடங்கினார். முதல் அடியிலேயே என் உடம்பு சிலிர்த்தது. கம்பர். மலையாள உச்சரிப்பில் கொஞ்சம் வளைந்து வந்தாலும் கம்பரேதான். பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் நூற்றாண்டுகளாகக் கம்பராமாயணப் பாடல்களைப் பாடித்தான் இந்தக் கூத்தை நடத்துகிறார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. எட்டாம் வகுப்பில் நான் ஒப்பித்த செய்யுளும் அந்த ராத்திரி வந்தது. நண்பன் என் பக்கம் திரும்பி, புரிகிறதா என்று கேட்டான்.

"இல்லை" என்றேன்.

கேலி செய்ய அங்கே யாரும் இல்லை. ஆறு பேரில் ஐந்து பேர் விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இருந்தும் வாய் 'இல்லை' என்றுதான் சொன்னது.

பட்டப்படிப்பு முடிந்ததும் கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை; பீளமேட்டில் ஐந்து பேர் சேர்ந்த ஓர் அறை. அங்கே கதை தலைகீழ். ஐந்து வருட விடுதி வாழ்க்கையில் என் பேச்சில் 'மனசிலாச்சு', 'சாரமில்லை', 'பின்னே' எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர்களுக்கு நான் 'சேட்டன்'. ஒரு மலையாளச் சொல்லுக்கு ஒரு ரூபாய் அபராதம் என்று விதி போட்டு, பிஸ்கட் டப்பாவை உண்டியலாக்கினார்கள். மாதக் கடைசியில் அதை உடைத்து எல்லாரும் டீ குடிப்போம். முதல் மாதம் நாற்பத்து மூன்று ரூபாய், முழுவதும் என் பணம். நான்காம் மாதம் உண்டியலில் ஒன்றும் விழவில்லை. அன்று எனக்குப் பெருமையாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பாலக்காட்டில் தமிழை மறைக்கக் கற்றவனுக்குக் கோவையில் மலையாளத்தை மறைக்கவா தெரியாது?

அடுத்த வருடம் வேலந்தாவளத்துப் பையன் ஒருவன் அறைக்கு வந்தான். என் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். அவன் பேச்சிலும் அதே சொற்கள். பழைய ஆட்கள் உண்டியலை மறந்தே போயிருந்தார்கள். அலமாரியின் மேலிருந்து அதை இறக்கி வைத்தது நான். அவன் தப்புச் செய்கிற ஒவ்வொரு முறையும் டப்பாவைக் குலுக்கிக் காட்டுவேன். மற்றவர்கள்கூடச் சில நாள் "விடப்பா, பாவம்" என்றார்கள், நான் விடவில்லை. அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். இரண்டு மாதத்தில் திருப்பூரில் வேலை கிடைத்தது என்று போய்விட்டான்.

பல வருடம் கழித்து கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் அவனைப் பார்த்தேன். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தும் அவனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். குழந்தைகள், வேலை என்று பேசிக்கொண்டு வந்தவன், நானும் அதே நிறுத்தத்தில் இறங்க எழுந்தபோது திகைத்துப்போய், "அண்ணா, நீங்களும் நம்ம பக்கமா? அப்போது எனக்குத் தெரியவே தெரியாதே" என்றான். தெரிய விடாமல் பார்த்துக்கொண்டவன் அல்லவா நான்.

கம்பெனி வேலை ஒத்துவரவில்லை. பி.எட். முடித்து, இப்போது எங்கள் தாலுகாவிலேயே தமிழ் வழிப் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியர். பழம்பொரித் தட்டு முன்னால் எடுத்த முடிவுதான் சோறு போடுகிறது. அதை ரொம்பவும் திட்ட முடியாது.

பி.எட். உளவியல் தாளில் சாலமன் ஆஷ் என்பவரின் சோதனை பாடமாக இருந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தியது. ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். எது சம நீளம் என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்ட ஆட்கள். பதினெட்டுச் சுற்றில் பன்னிரண்டில் அவர்கள் ஒரே குரலில் தவறான பதிலைச் சொல்வார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறைச் சொன்னார்கள். கால்வாசிப் பேர் ஒருமுறைகூட அசையவில்லை. வகுப்பில் எல்லாரும் இந்த எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியவை அடுத்து வந்த இரண்டு வரிகள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், பணிந்து போவது சடாரென்று குறைந்துவிடுகிறது. வாயால் சொல்லாமல் தனியாகத் தாளில் எழுதச் சொன்னாலும் அப்படியே.

பீளமேட்டு அறையில் அந்தப் பையனுக்கு அந்த ஒருவனாக இருக்க என்னைவிடப் பொருத்தமானவன் கிடையாது. பாடத்தைப் படித்தபோது எனக்கு ஆஷ் ஞாபகமில்லை, பிஸ்கட் டப்பாதான் ஞாபகம்.

வகுப்பில் இதைப் பயன்படுத்துகிறேன். கேள்வி கேட்டால் கை தூக்கச் சொல்வதில்லை. எல்லாரும் துண்டுத் தாளில் பதிலை எழுதிய பிறகுதான் பேச்சு. எழுதிய பதிலை மாற்றிச் சொல்லப் பிள்ளைகளுக்கு வெட்கமாக இருக்கிறது, அது நமக்குச் சாதகம். ஜூனில் முதல் நாள் ஒவ்வொருவரும் முழுப்பெயரைச் சொல்லி, எப்படிக் கூப்பிட வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். பட்டப்பெயர் பிடிக்கவில்லை என்றால் முதல் வாரமே சிரித்த முகத்தோடு திருத்துங்கள் என்பேன். முதல் வாரம் திருத்தினால் அது தகவல். மூன்று மாதம் கழித்துத் திருத்தினால் சண்டை. எனக்கு இரண்டும் வரவில்லை, ஓடிப்போய் வேறு பெயருக்குள் ஒளிந்துகொண்டேன்.

விடுதிக்குப் போகும் பிள்ளைகளிடம் தனியாக ஒன்று சொல்வதுண்டு: அந்தக் கூட்டத்தை அறியாத ஒரே ஒரு மனிதரையாவது வெளியே வைத்துக்கொள்ளுங்கள். நூலகரோ, சலூன்காரரோ, வாரம் தவறாமல் கடிதம் போடும் சித்தப்பாவோ. எனக்குச் சின்ன மாமா இருந்தார். வாளையார் வழியாகப் போகும்போதெல்லாம் லாரியை நிறுத்திவிட்டு விடுதிக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்புவார். பரீட்சை இருக்கிறது மாமா என்று தட்டிக்கழித்துவிடுவேன்.

போன வருடம் பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள், பள்ளிக் கலைவிழாவான கலோற்சவத்தில், தமிழ்ப் பத்யம், அதாவது செய்யுள் சொல்லும் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. பத்தாம் வகுப்பு வரை விடாமல் சொன்னவள். இப்போது படிப்பது மலையாளப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளி. ஏன் என்றேன். "எல்லாரும் சிரிப்பார்கள் அப்பா."

"எல்லாரும் என்றால்? பெயரை எழுது."

முறைத்துக்கொண்டே எழுதினாள். நான்கு பெயர் வந்தது. பேனாவை வாயில் வைத்துக்கொண்டு யோசித்து, "இவள் சிரிக்க மாட்டாள்" என்று ஒன்றை அடித்தாள். இன்னொருத்தி அன்றைக்குக் குழு நடனத்துக்கான ஒப்பனையில் இருப்பாளாம், பார்க்கவே வர மாட்டாளாம். மிஞ்சியது இரண்டு. அந்தத் தாளை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை, "எனக்கு மேடையே பிடிக்கவில்லை அப்பா, போன வருடமும் பிடிக்கவில்லை, நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்றுதான் போனேன்" என்றாள். அந்த நான்கு பேர் பட்டியலில் என் பெயரையும் எழுதியிருக்க வேண்டும் போலிருக்கிறது.

இந்த டிசம்பரில் விடுதி நண்பர்கள் ஏழு பேரும் ஒற்றப்பாலத்து நண்பன் வீட்டில் கூடினோம். தலை நரைத்த ஆட்கள். நான் உள்ளே நுழைந்ததும் ஒருவன் "அருணே!" என்றான். முதல் வாரத்தில் செய்யாததை முப்பது வருடம் கழித்துச் செய்தேன். முழுப்பெயரைச் சொல்லி, இனி இப்படிக் கூப்பிடுங்கள் என்றேன். ஒரு நொடி அமைதி. பிறகு யாரோ மெதுவாக "சாமியே" என்றான். எல்லாரும் முழங்கினார்கள். இந்த முறை எனக்கும் உண்மையிலேயே சிரிப்பு வந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரனும் நானும் கோயில் பக்கம் நடந்தோம். கூத்துமாடம் அப்படியே இருந்தது. அன்றைக்கு உன்னிடம் பொய் சொன்னேன், அது கம்பராமாயணம், எனக்கு நன்றாகப் புரிந்தது என்றேன். அவன் நின்றான். "கம்பர் என்று எனக்கும் தெரியும். தாத்தா சொல்லியிருக்கிறார். நீ தமிழ்ப் பையன், அர்த்தம் சொல்லுவாய் என்றுதானே ராத்திரி முழுக்க உன்னைக் கண் விழிக்க வைத்தேன். தெரியாது என்று சொல்லிவிட்டாய்" என்றான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "சரி, இப்போது சொல்லு" என்றான்.

பரிசு வாங்கிய செய்யுளைத் தொடங்கினேன். இரண்டு அடி தடையில்லாமல் வந்தது. மூன்றாவது அடி வரவில்லை.

ஊருக்குத் திரும்பிய இரவே பரணில் ஏறி எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. பழைய பித்தளைப் பாத்திரங்களுக்கு அடியில் அந்த எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது. விளிம்புக்குக் கீழே என் முழுப்பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள்.